பேய்க்கு ஒரு வேலை இருக்கணும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. பிடுங்கப் பிடுங்க முளைக்குது. "என்னய்யா ஆளையே காணோம்"னு தனி மடல் போட்டு விசாரிச்ச ரெண்டு நல்ல உள்ளங்களுக்கு நன்றி. (ரெண்டே பேர்தான். நோட் பண்ணிக்கிட்டேன்.)

போன ஞாயித்துக்கிழமை டிவில 'டிடி ரிட்டர்ன்ஸ்' போட்டான். 2023ல வந்த சந்தானம் படம், டைரக்டர் பிரேம் ஆனந்த். நாலாவது வாட்டியோ அஞ்சாவது வாட்டியோ பாக்குறேன். கதை நடக்குறது எங்க பாண்டியில. அதுக்காகவே மொத வாட்டி சொந்தக்காரன் கல்யாணத்துக்குப் போற மாதிரி தியேட்டருக்குப் போனேன். சினிமாக்காரங்களுக்குப் பாண்டின்னா ஒரு பழைய பங்களா, நாலு பாட்டில், ஒரு பிரெஞ்சுப் பேரு. அதைத் தாண்டி யோசிக்க மாட்டாங்க. 2013ல வந்த 'பீட்சா 2: வில்லா'வும் பாண்டி வீட்டுக் கதைதான். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருக்குற எங்க தமிழ்த் தெருவுல எல்லாம் பேய் குடிவராது போல.

சரி, புலம்பலை விட்டுட்டு மேட்டருக்கு வருவோம்.

படம் பாத்துக்கிட்டு இருக்கும்போது என் அஞ்சாங்கிளாஸ் பொண்ணு ஒரு கேள்வி கேட்டா. "ஏம்ப்பா, எல்லாரும் காமெடி பண்றாங்க, பேய் மட்டும் ஏன் சிரிக்கவே மாட்டேங்குது?"

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு. பத்து வருசத்துக்கும் மேல என் மண்டைக்குள்ள இருந்த ஒரு குடைச்சலுக்கு அவ அசால்ட்டா பதில் சொல்லிட்டா.

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2012. ஊர்ல இருக்குற பசங்க எல்லாம் குறும்படம் எடுத்துக்கிட்டு இருந்த நேரம். கலைஞர் டிவி 'நாளைய இயக்குனர்'ல வந்த கார்த்திக் சுப்பராஜ், அந்த வருசம் 'பீட்சா' எடுத்து ஊரையே பயமுறுத்திட்டார். எங்களுக்கு மட்டும் கை சும்மா இருக்குமா? ஒரு நண்பன்கிட்ட கேனான் 550டி இருந்துச்சு, இன்னொருத்தனுக்கு எடிட்டிங் தெரியும். என்கிட்ட கதை இருக்குன்னு நானே நம்பிக்கிட்டு இருந்தேன். பேய்ப் படம், ஆனா காமெடி. பதினோரு நிமிசம்.

லொக்கேஷன் ஓசி. பெருமாள் கோயில் வீதிப் பக்கம் எங்க அத்தை வீடு, அத்தைன்னா அப்பாவோட அக்கா. தெருப்பக்கம் திண்ணை, உள்ள முற்றம், சுத்தி மரத்தூண், அதுக்குப் பின்னாடி ஓட்டுச் சாய்ப்பு. பகல்லயே பாதி வீடு இருட்டா இருக்கும். பேய்க்குன்னே கட்டின மாதிரி வீடு.

மூணு ராத்திரி எடுத்தோம். பேயா நடிச்ச நண்பனுக்கு விக், பவுடர், கண்மை எல்லாம் அப்பி, "மச்சான், இது காமெடிப் படம், நல்லா மூஞ்சை கோணிக்க"ன்னு சொன்னதே நான்தான். அவனும் கோணினான். நாக்கைத் தள்ளினான். கண்ணை உருட்டினான். எடிட்டிங்ல 'டொய்ங்', 'பொய்ங்', 'டமார்'னு கைக்குக் கிடைச்ச சத்தத்தை எல்லாம் அள்ளிக் கொட்டினோம். நண்பன் வீட்டு மொட்டைமாடில பெட்ஷீட் கட்டி, புரொஜக்டர் வாடகைக்கு எடுத்து, முப்பது பேருக்குப் போட்டுக் காட்டினோம்.

ஒருத்தன் சிரிக்கல. பயமும் படல. நடுவுல ஒருத்தர் எழுந்து போய் போன் பேசிட்டு வந்தார். அவ்வ்வ்வ்...

ஆனா கடைசில ஒரு விசயம் நடந்துச்சு. டைட்டில் ஓடும்போது 'சொதப்பல் ஷாட்'னு ஒண்ணைச் சேத்திருந்தோம். ரெண்டாவது ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். கேமரா ஓடிக்கிட்டு இருக்கு. பேய் நண்பன் தூணுக்குப் பக்கத்துல நின்னு மூஞ்சைக் கோணிக்கிட்டு இருக்கான். அவனுக்குப் பின்னாடி இருட்டுல இருந்து, அவுத்துவிட்ட தலைமுடியோட, வெளுத்த புடவைல, கையில டார்ச் லைட்டோட எங்க அத்தை மெதுவா நடந்து வர்றாங்க. எங்க எல்லாருக்கும் தெரியுது. அவனுக்குத் தெரியல. டார்ச்சு கீழே இருந்து மேல அடிக்குது, முகம் வேற மாதிரி இருக்கு. கிட்ட வந்து, ரொம்ப சீரியஸா, "மோட்டாரை யாருடா அணைக்காம விட்டது? டேங்க் ரொம்பி வழியுது"ன்னாங்க.

பேய் அலறினுச்சு பாருங்க. விக் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அத்தை அசரவே இல்ல. அவனை ஏற இறங்கப் பாத்துட்டு, "இந்தத் தம்பி யாரு? சாப்டுச்சா?"ன்னாங்க.

மொட்டைமாடி அதிர்ந்துச்சு. "இன்னொரு வாட்டி போடு, இன்னொரு வாட்டி போடு"ன்னு கத்துறாங்க. பதினோரு நிமிசப் படத்துல வாங்காத சிரிப்பை நாப்பது விநாடி வாங்கிக் குடுத்துச்சு. அதுல ஒரு துளி மியூசிக் கிடையாது.

ஏன்னு அப்போ புரியல. "அத்தை செம நேச்சுரல்டா"ன்னு பேசிட்டு டீ குடிக்கப் போயிட்டோம். இப்போ என் பொண்ணு கேட்டதும்தான் பொறி தட்டுச்சு. எங்க பேய்க்கு அது காமெடிப் படம்னு தெரிஞ்சிருந்துச்சு. அத்தைக்குத் தெரியாது. அத்தைக்கு மோட்டார்தான் பிரச்சனை.

'டிடி ரிட்டர்ன்ஸ்' பேய்களைப் பாருங்க. உயிரோட இருக்கும்போது சூதாட்டம் நடத்தின குடும்பம், செத்த பின்னாடியும் அதே ஆட்டத்தை நடத்துது. கொள்ளையடிச்ச பணம் பங்களாக்குள்ள போய்ச் சிக்கிடுச்சு. எடுக்க வந்தவங்க எல்லாரும் உள்ள மாட்டிக்கிறாங்க, ஆடி ஜெயிச்சாதான் வெளிய போகலாம். சந்தானம், முனீஷ்காந்த், மொட்டை ராஜேந்திரன், ரெடின் கிங்ஸ்லின்னு ஒரு கூட்டமே உளறுது, ஓடுது, ஒருத்தனை ஒருத்தன் மாட்டி விடுது. பேய் மட்டும் ரூல்ஸை விடவே மாட்டேங்குது. கறார். வட்டிக்கடைக்காரர் மாதிரி. அது எவ்ளோ கறாரா இருக்கோ அவ்ளோ சிரிப்பு இந்தப் பக்கம் வருது. பேயும் சேந்து ஜோக் அடிச்சிருந்தா படம் பாதில படுத்திருக்கும்.

ஹாலிவுட்காரன் இதை 1948லயே கண்டுபிடிச்சுட்டான். 'அபாட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃபிராங்கன்ஸ்டைன்'னு ஒரு படம். அதுல டிராகுலாவா வர்ற பெலா லுகோசி, ஓநாய் மனுசனா வர்ற லான் சேனி ஜூனியர், ரெண்டு பேரும் சீரியஸ் பேய்ப் படத்துல எப்படி நடிச்சாங்களோ அப்படியேதான் நடிப்பாங்க. கோமாளித்தனம் எல்லாம் அந்த ரெண்டு காமெடியன் தலையிலதான்.

ஆனா இதுக்கு வாத்தியார்னா எனக்கு நம்ம 'காதலிக்க நேரமில்லை'தான். 1964. ஸ்ரீதர் டைரக்ஷன், வசனத்துல சித்ராலயா கோபு, கேமரா வின்சென்ட். "அது பேய்ப் படமா?"ன்னு அடிக்க வராதீங்க. நாகேஷ், பாலையாவுக்குக் கதை சொல்ற அந்த சீனைச் சொல்றேன். தமிழ்ல வந்த ஆகச் சிறந்த பேய்க் காமெடி அதுதான். அதுல பேய் இல்ல, பங்களா இல்ல, இருட்டுகூட இல்ல. நல்ல வெளிச்சத்துல அப்பனும் மகனும் மட்டும். கதவு சத்தம், காத்து சத்தம், காலடிச் சத்தம் எல்லாம் நாகேஷ் வாயிலேயே.

எத்தனையோ வாட்டி பாத்துட்டோம், ஆனா அடுத்த வாட்டி நாகேஷை விட்டுட்டு பாலையாவை மட்டும் பாருங்க. மனுசன் மொதல்ல "இவன் என்ன சொல்லிடப் போறான்"னு அலட்சியமா கேக்க ஆரம்பிப்பார். அப்புறம் காது குடுப்பார். அப்புறம் முகம் மாறும். ஒரு கட்டத்துல உடம்பே கதைக்குள்ள போயிடும். இதுக்கெல்லாம் நேரம் வேணும். ரெண்டு விநாடிக்கு ஒரு கட் பண்ணியிருந்தா, அலட்சியம் பயமா மாறுற அந்தப் படிக்கட்டு நமக்குத் தெரியவே தெரியாது. மேல்படியும் கீழ்ப்படியும் மட்டும்தான் தெரியும். நாங்க எங்க படத்துல அதைத்தான் பண்ணோம். பேய், கட், அலறல், கட், ஓட்டம். பயப்படுறவன் பயப்படுறதுக்கே டைம் குடுக்கல.

இன்னொண்ணு, நாகேஷோட செல்லப்பாவும் காமெடி பண்றதா நினைச்சுக் கதை சொல்லல. 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்'க்கு அப்பாகிட்ட பணம் கறக்கணும். அதான் அவன் வேலை. இதே படத்தை 1966ல இந்தில 'பியார் கியே ஜா'ன்னு எடுத்தப்போ மெஹ்மூத், ஓம் பிரகாஷ்கிட்ட இதே கதையைச் சொன்னார். அங்கயும் ஜனம் விழுந்து விழுந்து சிரிச்சது. பாஷை மாறினாலும் சரக்கு கெடல.

அப்புறம் 'சந்திரமுகி'. 2005 தமிழ்ப் புத்தாண்டு. பாண்டில ஒரு தியேட்டர்ல அடிதடில டிக்கெட் எடுத்து, சட்டைப் பட்டன் ரெண்டு போய் பாத்தேன். ஃபாசில் 1993ல மலையாளத்துல எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்'தான் மூலம்னு உங்களுக்கே தெரியும். அந்தப் படத்துல ஒரு தொழில் ரகசியம் உண்டு. ஃபாசில் மட்டும் எடுக்கல. பிரியதர்ஷன், சித்திக்-லால், சிபி மலயில்னு பெரிய ஆளுங்க இரண்டாவது யூனிட்டைப் பாத்துக்கிட்டாங்க. ஆனா படத்தைப் பாத்தா ஒரே கை எடுத்த மாதிரி இருக்கும். ஏன்னா சோபனாவோட நோய் ஒரு பக்கம், ஊர்க்காரங்க பயம் ஒரு பக்கம்னு ரெண்டையும் தனித்தனித் தண்டவாளமா போட்டுட்டாங்க.

பி. வாசுவும் தமிழ்ல அந்தத் தண்டவாளத்தை மாத்தல. சிரிப்பு மொத்தமும் வடிவேலு கணக்கு. அவரோட முருகேசனை நல்லா கவனிங்க. மத்த படத்துல கை காலை எல்லாம் போட்டு ஆட்டுற மனுசன், இதுல பயம் வந்துட்டா கம்பம் மாதிரி நின்னுடுவார். கண்ணு மட்டும் அலையும். குரல் கிணத்துக்குள்ள போயிடும். பக்கத்துல ரஜினி சாவகாசமா பேசிக்கிட்டு இருப்பார். ரெண்டு பேரும் ஒரே ஃபிரேம்ல. ஒருத்தருக்குப் பயமே இல்ல, ஒருத்தருக்கு அது மட்டும்தான் இருக்கு. அந்த 'மாப்பு' எல்லாம் நாம இன்னிக்கும் சொல்லிக்கிட்டுத் திரியறோம்.

ஆனா ஜோதிகா கட்டிலைத் தூக்குற சீன்ல வடிவேலுவுக்கு வேலையே இல்ல. "இந்த இடத்துல அவர் ரியாக்ஷன் ஒண்ணு போட்டா தியேட்டர் கலக்கும் சார்"னு எடிட்டிங் டேபிள்ல யாராவது கண்டிப்பா ஆசைப்பட்டிருப்பாங்கன்னு நான் நினைக்கிறேன். போட்டிருந்தா கங்கா செத்திருப்பா. அந்தப் பொண்ணுக்கு உண்மையிலேயே ஏதோ ஆகுதுன்னு நாம நம்பினதாலதான் அதுக்கப்புறம் வடிவேலு பயப்படுறது நமக்குச் சிரிப்பா இருந்துச்சு. 2023ல இதே வாசு, இதே வடிவேலு, அதே முருகேசன் பேரோட 'சந்திரமுகி 2' வந்துச்சு. எனக்குச் சிரிப்பு வரல. சத்தம் மட்டும்தான் காதுல நின்னுச்சு.

சத்தத்துக்கு வருவோம், என் மெயின் கடுப்பே அதான்.

1942ல 'கேட் பீப்பிள்'னு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ராத்திரி நேரம், ஒரு பொண்ணு தனியா நடந்து போறா. ஏதோ பின்தொடருது. காலடிச் சத்தம் மட்டும். அப்புறம் அதுவும் இல்ல. முழு அமைதி. நாம சீட்டு நுனில இருக்கும்போது 'புஸ்ஸ்'னு ஒரு சத்தத்தோட ஃபிரேமுக்குள்ள வந்து நிக்குது... ஒரு டவுன் பஸ். அவ்ளோதான். தயாரிப்பாளர் வால் லூட்டன் பேரை வெச்சு இந்த உத்திக்கு 'லூட்டன் பஸ்'னே பேரு வந்துடுச்சு. நம்ம ஊர் டெம்போ பின்னாடி வந்து ஹாரன் அடிச்சா நாம துள்ளுறோம்ல, அதே கணக்கு. துள்ளினதும் "அட, டெம்போதானா"ன்னு ஒரு சிரிப்பு வரும் பாருங்க, பேய்க் காமெடி மொத்தமும் அந்தச் சிரிப்பை நம்பித்தான் பொழப்பு நடத்துது.

அதுக்கு ரெண்டு அமைதி வேணும். சத்தத்துக்கு முன்னாடி ஒண்ணு. இல்லன்னா சத்தம், சத்தமா கேக்காது. சத்தத்துக்குப் பின்னாடி ஒண்ணு. இல்லன்னா ஜனம் சிரிக்க இடம் இருக்காது. பழைய நாடகக்காரங்க கைதட்டு அடங்குற வரைக்கும் அடுத்த வசனத்தைப் பிடிச்சு வெச்சிருப்பாங்க. இப்போ வர்ற பாதிப் படத்துல பேய் வர்றதுக்கு ரெண்டு நிமிசம் முன்னாடியே வயலின் கீச்சிட ஆரம்பிச்சுடுது. வந்ததும் டமார். போனதும் 'பொய்ங்'. அதாவது, "இப்போ பயப்படு", "இப்போ சிரி"ன்னு பக்கத்து சீட்டுல ஒருத்தன் உக்காந்து விலாவுல குத்திக்கிட்டே இருக்கான்.

லைட்டிங்லயும் ஒரு சிக்கல் இருக்கு. காமெடிக்கு முகம் தெரியணும், பேய்க்கு இருட்டு வேணும். நாங்க ரெண்டுக்கும் பொதுவா ஒரு நீல லைட்டைப் போட்டு, ரெண்டையும் கெடுத்தோம். முன்னாடி நிக்கிறவன் முகத்துல மட்டும் வெளிச்சம் வெச்சுட்டு, பின்னாடி இருட்டை அப்படியே விட்டா போதும். பின்னாடி வர்றது நமக்கு மொதல்ல தெரியணும், அவனுக்குக் கடைசில தெரியணும். அந்த இடைவெளில கட் பண்ணக் கூடாது. அத்தை ஷாட்டு அப்படித்தான் தானா அமைஞ்சுது. அது ஸ்டாண்டுல நின்ன கேமரா. நாங்க யாரும் அதைத் தொடாததுதான் அதுக்குக் கிடைச்ச அதிர்ஷ்டம்.

லாரன்ஸ் படங்களைப் பத்தி ஒண்ணு சொல்லாம விட்டா உள்குத்துன்னு சொல்வீங்க. 'முனி' (2007), 'காஞ்சனா' (2011). பயந்தா அம்மா கோவை சரளா இடுப்புல ஏறிக்கிற அந்த மனுசனைப் பாத்து நானும் சிரிச்சிருக்கேன். சத்தம் அதிகம்தான், கூச்சல் அதிகம்தான். ஆனா 'காஞ்சனா'ல சரத்குமார் திருநங்கையா வர்ற பகுதில யாரும் விளையாடல. அதுவரைக்கும் சிரிச்ச வாயை அந்த பிளாஷ்பேக் கப்புனு மூட வெச்சுது. அந்தப் பேய்க்கு வேலை இருந்துச்சு, நியாயமும் இருந்துச்சு. பின்னாடி வந்த பாகங்கள்ல பேய்க்கு ஃபிளாஷ்பேக் மட்டும் இருந்துச்சு, நியாயம் ஃபார்முலா ஆயிடுச்சுங்கறது என் கட்சி. ஒத்துக்காதவங்க பின்னூட்டத்துல வந்து கும்மலாம்.

எங்க ஊர் ஆனந்தராஜையும் இந்தக் கணக்குல சேக்கணும். 'பாட்ஷா'ல ரஜினியைக் கம்பத்துல கட்டி வெச்சு அடிச்ச அதே ஆனந்தராஜ், 2017ல 'மரகத நாணயம்'ல ட்விங்கிள் ராமநாதனா வந்து சிரிக்க வெச்சார். அவர் அங்க மூஞ்சைக் கோணவே இல்ல. அதே வில்லன் மிடுக்கு, அதே குரல். தான் பயங்கரமான தாதான்னு அவர் முழுசா நம்புறார், நாம சிரிக்கிறோம். அந்தப் படத்துல டிரைவர் இல்லாம வர்ற வண்டியும் அப்படித்தான். அது பாட்டுக்கு வருது, வேலையை முடிச்சுட்டுப் போகுது.

இவ்ளோ பேசிட்டு சும்மா இருக்க முடியுமா? பழைய ஹார்டு டிஸ்க்கைத் தோண்டி எடுத்தேன். நல்லவேளை, எல்லா ஃபுட்டேஜும் உயிரோட இருந்துச்சு. எடிட்டர் நண்பன் இப்போ சென்னைல விளம்பரப் படங்களுக்கு வெட்டுறான். வார லீவுல வந்தான். "மியூசிக் எல்லாத்தையும் தூக்குடா"ன்னேன். சண்டைக்கு வந்துட்டான்.

"டேய், இப்போ எல்லாரும் போன்ல பாக்குறான். மூணு செகண்டு சத்தம் இல்லன்னா போன் ஹேங் ஆயிடுச்சுன்னு நினைச்சுத் தள்ளிவிட்டுப் போயிடுவான். உன் பாலையாவுக்கு தியேட்டர் இருந்துச்சு. ஆயிரம் பேர் ஒண்ணா உக்காந்து சிரிச்சாங்க. அமைதியா இருந்தா எல்லாரும் அமைதியா இருந்தாங்க. இன்னிக்கு ஒருத்தன் பஸ்ல காதுல மாட்டிக்கிட்டு தனியா பாக்குறான். அவனுக்கு நான்தான்டா பக்கத்து சீட்டு."

நியாயமான பேச்சு. என்கிட்ட முழுசா பதில் இல்ல. கூட்டத்தோட பாக்குற சிரிப்பும் தனியா பாக்குற சிரிப்பும் ஒண்ணு இல்லதான். ஆனாலும், "நீ பக்கத்து சீட்டுல உக்காரு, விலாவுல குத்தாத"ன்னேன். சிரிச்சுட்டான்.

கடைசில பேய் நண்பன் கோணின ஷாட்டை எல்லாம் தூக்கிட்டு, ரிகர்சல்ல அவன் சும்மா நின்ன ஷாட்டுகளைப் போட்டோம். அதுல அவன் உண்மையிலேயே பயங்கரமா இருந்தான். அத்தை வர்ற நாப்பது விநாடியை அப்படியே கிளைமாக்ஸ்ல வெச்சோம். சத்தம்னா மோட்டார் சத்தம் மட்டும், படத்தோட மொத ஃபிரேம்ல இருந்தே லேசா ஓடிக்கிட்டு இருக்கும். பதினோரு நிமிசம் ஏழரை ஆச்சு. (ஏழரைன்னதும் ஆரம்பிக்காதீங்க.) வேணும்ங்கிற ஷாட்டைத் திரும்ப எடுக்க முடியாது. அந்த வீட்டை வித்து இடிச்சு எத்தனையோ நாளாச்சு. அங்க இப்போ ஏசி ரூமோட ஒரு கெஸ்ட் ஹவுஸ். வாசல்ல சும்மா பேருக்கு ரெண்டு தூணு வெச்சிருக்கான், சிமெண்டுல.

அத்தை இப்போ வில்லியனூர்ல பொண்ணு வீட்ல இருக்காங்க. போன வாரம் லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போய்ப் போட்டுக் காட்டினேன். அவங்க பொண்ணு, மாப்பிள்ளை, பேரப் பசங்க எல்லாரும் உருண்டு புரண்டு சிரிக்கிறாங்க. அத்தை சிரிக்கல.

"நீங்கதான் அத்தை ஹீரோயின்"ன்னேன்.

"நான் என்னடா நடிச்சேன்? டேங்க் ரொம்பி வழிஞ்சுது, கேட்டேன்."

அப்புறம் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, "அந்த முற்றம் வருதே, அங்க கொஞ்சம் நிறுத்து"ன்னாங்க. நிறுத்தினேன். ஸ்கிரீன்ல பேய் நண்பன் பாதி வாயைத் திறந்தபடி நிக்கிறான். அத்தை அவனைப் பாக்கல. அவனுக்குப் பின்னாடி இருக்குற தூணைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

பி.கு.: லிங்க் கேக்காதீங்க மக்களே. பேயா நடிச்சவன் இப்போ பேங்க்ல மேனேஜர். விக் விழுற சீன் வெளிய வந்தா லோன் கேட்டு எவனும் பயப்பட மாட்டானாம் :-) வேணும்னா பாண்டி வாங்க, மொட்டைமாடில பெட்ஷீட் கட்டிப் போட்டுக் காட்டுறேன். சுண்டல் என் செலவு.